திபெத்து மாத்திரையும் என் முழங்காலும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் ஒன்றைப் பார்க்கலாம். அன்னதானப் பந்தி இப்போதெல்லாம் தரையில் நடப்பதில்லை. மேசை நாற்காலி போட்டாக வேண்டும். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவர்கள் அவ்வளவு பேர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாகக் குனிந்தும் குந்தியும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்புகள் அவை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை அறுப்பதும் தூக்கிப் போடுவதும் முதுகையும் முழங்காலையும் விட்டுவைக்கவில்லை.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் வலி மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். இப்போது வலி என் முழங்காலுக்கே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு ஓரத்தில் முள் விட்டிருந்தது. ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்கிற தேய்மான மூட்டுவாதம்.

வலிக்காரர்களைத் தேடி வரும் மருந்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. சீனர் கடை எண்ணெய், ஜாமு, கோயோ பிளாஸ்டர், குளுக்கோசமின், இப்போது அந்த வரிசையில் திபெத்து மூலிகை. அதை நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். ‘கேட்குது’, ‘கேட்கல’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதற்காக அல்ல, முறையாகச் சோதித்தேன். மாற்று மருந்தைத் தொடவே கூடாது என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. வலியோடு இருப்பவனிடம் அப்படிச் சொன்னால் அவன் நம்மிடம் சொல்லாமல் சாப்பிடுவான், அவ்வளவுதான். சாப்பிடுவது என்று முடிவு செய்தவர்கள் அதை எப்படிச் சோதிப்பது, எங்கே உஷாராக இருப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த மருத்துவம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திபெத்திய மருத்துவத்தின் பெயர் சோவா ரிக்பா. அதன் மூல நூல் கியூ ஷி, நான்கு பாகம், 156 அத்தியாயம். உடம்பை லூங், திரிபா, பேகென் என்ற மூன்றால் பார்க்கிறார்கள். நம் வாத, பித்த, கபத்தை அறிந்தவருக்கு இது புதிதாக இருக்காது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் 11ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. லாசாவில் 1696இல் சாக்போரி மருத்துவக் கல்லூரியும், 13ஆவது தலாய் லாமா காலத்தில் 1916இல் மென் சி காங் என்ற மருத்துவ, சோதிட நிலையமும் அமைந்தன. அகதிகளாக இந்தியா வந்தபின் 1961இல் தர்மசாலாவில் அதை மறுபடி தொடங்கினார்கள். இந்திய அரசு 2010இல் சோவா ரிக்பாவைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. வருடக்கணக்கில் படித்துவிட்டு நாடி பிடிப்பவர்கள் இவர்கள். அந்த மரியாதையைக் கொடுத்தே பேச வேண்டும். ஆனால் ஒரு மருத்துவம் பழையது என்பதும், அதிலுள்ள ஒரு மாத்திரை என் முழங்காலுக்குக் கேட்குமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, மலாய், சீன, இந்திய, இஸ்லாமிய மருத்துவங்களையும் ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி ஆகியவற்றையும் அங்கீகரிக்கிறது. திபெத்திய மருத்துவம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இங்கே யாராவது ‘திபெத்து வைத்தியர்’ என்று சொல்லிக்கொண்டு வந்தால், அவர் என்ன படித்தார், யார் சான்றிதழ் கொடுத்தார் என்று நமக்காகப் பார்த்துவைக்க ஆள் கிடையாது. மருந்து வாங்குவதென்றால் படித்த ஒருவரிடம் நேரில் போய் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தங்கை மகன் மைசூரில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது பைலகுப்பேக்குப் போனோம். மைசூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம், 1960களின் தொடக்கத்தில் அமைந்த திபெத்தியக் குடியிருப்பு. அங்கே ஒரு பெண் மருத்துவர் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மூன்று விரலை வரிசையாக வைத்து, மெதுவாக அழுத்தியும் விட்டும் நாடி பார்த்தார். ஒரு கை முடிந்ததும் மறு கை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் முதலில் போன சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு குச்சியால் கலக்கி, நுரை எவ்வளவு பெரிதாக எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். அப்புறம்தான் கேள்விகள். எப்போது வலிக்கிறது, வெயில் பட்டால் தேவலையா, என்ன சாப்பிடுகிறேன், தூக்கம் எப்படி, வேறு என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டே போனார். முப்பது வருடத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்த எனக்கு, என்னை ஒருவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டது நெகிழ்ச்சியாக இருந்தது. அந்த நெகிழ்ச்சியே வலியைக் கொஞ்சம் குறைக்கும். இதைப் பிறகு சொல்கிறேன்.

மருந்து கொடுக்குமுன் நான் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொண்டேன். யார் போனாலும் இவற்றைக் கேட்க வேண்டும்.

முதலாவது உலோகம். திபெத்திய மருந்தில் ரின்சென் என்ற விலையுயர்ந்த மாத்திரை வகை உண்டு. வண்ணத் துணியில் சுற்றி, நூல் கட்டி, முத்திரை வைத்துத் தருவார்கள். அவற்றில் பலவற்றில் பதப்படுத்திய பாதரசம் சேரும். சித்த வைத்தியத்தில் செந்தூரம், பற்பம் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். பதப்படுத்தினால் நஞ்சு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் சிறுநீரகத்தை வைத்து அதைச் சோதிக்க நான் தயாரில்லை. நம் நாட்டில் பதிவு பெறும் பாரம்பரிய மருந்துக்குப் பாதரசம் 0.5 பிபிஎம், ஈயம் 10 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று உச்சவரம்பு இருக்கிறது. மூலிகை மட்டும் போதும் என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

இரண்டாவது வசநாபி என்ற நச்சு வேர். திபெத்திய மருந்துகள் சிலவற்றில் இந்த வேர் சேரும். வலிக்கும் வீக்கத்துக்கும் பெயர்போன குயுங் ஙா என்ற மாத்திரையில் கடுக்காய், வசம்பு, கோஷ்டம், கஸ்தூரியோடு வசநாபியும் உண்டு. அளவு மீறினாலோ பதம் தவறினாலோ நாக்கும் உதடும் மரத்துப்போய், இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இதய நோய் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அதைச் சொன்னதும் அவரே அந்த வகையைத் தவிர்த்துவிட்டார்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அதில் சேரும் முக்கியமான பொருள்களையும் தாளில் எழுதி வாங்கினேன். குங்கிலியம், சீந்தில், கோஷ்டம், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்று பாதிக்கு மேல் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான். எழுதித் தர மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஒரு வகை மாத்திரை. கரும்பழுப்பில் உருண்டையாக, கல் மாதிரி கெட்டி. மென்று, வெந்நீர் குடிக்க வேண்டும். கசப்பு என்றால் நாக்கின் அடி வரை இறங்கும் கசப்பு. கூடவே பத்தியம்: குளிர்ந்த நீர், ஐஸ், பச்சைக் காய், பழைய சோறு கூடாது. ஈரத்தில் உட்காரக் கூடாது. வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்க வேண்டும், நடக்க வேண்டும். ஐஸ் மைலோவையும் ஐஸ் காச்சாங்கையும் விடுவது எங்கள் ஊர் வெக்கையில் லேசான காரியமில்லை. விட்டேன்.

ஊர் திரும்பியதும் மாத்திரையைத் தொடவில்லை. எழுதி வாங்கிய தாளோடு முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். அந்த மலாய்க்கார டாக்டர் அம்மா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ‘சாப்பிடப் போகிறீர்கள் என்றால் முதலில் ரத்தம் எடுத்துவிடுவோம்’ என்று ஈரல், சிறுநீரகப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிரஷர் மருந்தை நிறுத்தக் கூடாது, வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும் என்றார். டாக்டரிடம் சொன்னால் கோபிப்பார் என்று நம் ஆட்களில் பலர் மறைக்கிறார்கள். மறைப்பதால் வரும் கெடுதல் அந்தக் கோபத்தைவிடப் பெரிது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், சர்க்கரைக்காரர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோர் இதை மறைக்கவே கூடாது.

அப்புறம் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் அதே சின்னப் புத்தகம். மருந்து தொடங்குமுன் சில வாரம் எதையும் மாற்றாமல் வலியை மட்டும் எழுதினேன். காலையில் எழும்போது வலி பத்துக்கு எத்தனை, இரவில் எத்தனை, எழுந்தபின் கால் பிடிப்பு விட எத்தனை நிமிடம், எத்தனை பாராசிட்டமால் போட்டேன், மழை உண்டா இல்லையா. வாரம் ஒருமுறை நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர்கள் உலகமெங்கும் பயன்படுத்தும் சோதனை இது. மனசு வலியைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும். தொடைக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல வராது.

இந்த முன்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நாம் மருந்து தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. தேய்மான வலிக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. உச்சத்துக்குப் போனது தானாகவே கொஞ்சம் இறங்கித்தான் ஆகும். அந்த நேரத்தில் நாம் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். எங்கள் வட்டாரத்தில் அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும், பலருக்கும் வலி கூடும். அப்போது தொடங்கிய மருந்து ஜனவரியில் ‘நல்லா கேட்குது’. இதில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, வானத்துக்கு எவ்வளவு பங்கு என்று முன்கணக்கு இல்லாமல் பிரிக்கவே முடியாது.

சரி, மருந்து தொடங்கினேன். மருத்துவர் சொன்னது சொன்னபடி மென்று, வெந்நீர் குடித்து, பத்தியம் இருந்து. சில வாரத்தில் காலை வலி ஆறிலிருந்து நாலுக்கு வந்தது. வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஐயா, நடையே மாறிப்போச்சு, எங்களுக்கும் வாங்கிக் கொடுங்க’ என்றார்கள். பெரும்பாலான அனுபவக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு அது போதவில்லை. மாத்திரையோடு சேர்ந்து எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள். ஒத்தடம் சேர்ந்தது, நடை சேர்ந்தது. இனிப்பும் ஐஸும் போனதில் எடையும் இறங்கியது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறையும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இவை போக நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பொறுமையான மருத்துவரிடம் கையை நீட்டி வாங்கிய மருந்து. தேய்மான மூட்டுவாத ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைகிறது. அது நடிப்பு இல்லை, வலி உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அந்தக் குறைவுக்கு மூலிகைமேல் பட்டம் கட்டக் கூடாது.

அதனால் எனக்கே தெரியாமல் என்னைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஈப்போவில் வேலை செய்யும் மகள் ஒத்துழைத்தாள். மாத்திரைகளை இடித்துப் பொடியாக்கி, ஒளி ஊடுருவாத காலி கேப்ஸ்யூலில் அடைத்தாள். அதே மாதிரி கேப்ஸ்யூலில் வறுத்த அரிசி மாவையும் அடைத்தாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, இடித்த மருந்துத் தூளைச் சின்னத் துணியில் முடிந்து எல்லாப் புட்டிக்குள்ளும் ஒவ்வொன்று போட்டாள். மாவுப் புட்டியைத் திறந்தாலும் கோஷ்டம்தான் மணக்கும். எந்தப் புட்டி முதலில் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்து, விவரத்தை உறையில் போட்டு ஒட்டித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். புட்டியை எனக்கு எடுத்துக் கொடுத்த வீட்டுக்காரிக்கும் எது எதுவென்று தெரியாது. தெரிந்தால் முகமே சொல்லிவிடும். பத்தியம், ஒத்தடம், நடை எல்லாம் இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி. ஒரு புட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முதல் சில நாள் கணக்கை விட்டுவிடுவோம், முந்தையது உடம்பில் மிச்சமிருக்கலாம் என்பதால். ஒவ்வொரு புட்டி முடியும்போதும், இது மருந்தா மாவா என்று என் ஊகத்தையும் புத்தகத்தில் எழுதினேன்.

மைசூரில் படிக்கும் தங்கை மகன் பைலகுப்பே மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தடை சொன்னார். அது நியாயமான தடை. சோவா ரிக்பாவில் சுவையே மருந்தின் குணத்தைத் தீர்மானிக்கும் அடிப்படை. கேப்ஸ்யூலில் போட்டு நாக்கில் படாமல் விழுங்கினால் பாதி மருந்து போன மாதிரி. இரண்டாவதாக, இது மெதுவாக வேலை செய்யும் மருந்து, அவசர அவசரமாக மாற்றினால் தெரியாது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு புட்டியின் காலத்தையும் நீட்டினோம். முதலாவதற்கு வழியில்லை. அந்தக் கசப்பை மாவில் கொண்டுவர முடியாது. எனவே என் சோதனை அவருடைய மருத்துவத்தை முழுதாகச் சோதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். வயிற்றுக்குள் போன அந்த மூலிகையைச் சோதித்தது, அவ்வளவுதான்.

உறையைப் பிரித்து, மகளும் நானும் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். மருந்து இருந்த வாரங்களிலும் மாவு இருந்த வாரங்களிலும் வலி ஏறக்குறைய ஒன்றுதான். பாராசிட்டமால் கணக்கும் அப்படியே. என் ஊகம் காசு சுண்டிச் சொன்னதற்கு மேல் தேறவில்லை. ஆனால் நாற்காலிச் சோதனை மட்டும், எந்தப் புட்டி என்ற வித்தியாசமில்லாமல், தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஏறிக்கொண்டே வந்திருந்தது. தொடைத் தசை பலப்பட்டதன் அடையாளம் அது. ஈரலும் சிறுநீரகமும் முன்போலவே நன்றாக இருந்தன.

என் முழங்காலைப் பொறுத்தவரை, மூலிகை செய்தது இருந்தாலும் அது நான் உணரும் அளவுக்கு இல்லை. நடையும் ஒத்தடமும் எடைக் குறைவும் செய்தது தெளிவாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். மற்றதைத் தொடர்கிறேன். ஒத்தடத்துக்கு வீட்டுக்காரி ஜாதிக்காயையும் ஓமத்தையும் இடித்து வெள்ளைத் துணியில் முடிந்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயில் தோய்த்து வைக்கிறாள். சூட்டைத் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முழங்காலுக்குக் கொண்டுவருவாள். சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை, சூடு தெரியாமல் வெந்துவிடும். வேறொருவர் முழங்காலுக்கு இந்த மருந்து கேட்கலாம், நான் மறுக்கவில்லை. அவர் புத்தகம் போட்டுப் பார்க்கட்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் என் கொழுந்தியாளுக்கு நடந்தது.

அவளுக்கு இருப்பது தேய்மானம் இல்லை, ருமட்டாய்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் வியாதி. இரண்டு கை விரல் கணுக்களும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. தேய்மான வலியில் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். வீட்டில் யாருக்காவது ருமட்டாய்டு மாதிரி இருந்தால் எந்த மூலிகைக்கும் காத்திராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். முதல் ஓரிரு வருடத்திலேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும், அரித்தது திரும்பாது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருந்தார்கள், ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒருவர் பனிமலைப் படம் போட்ட டப்பாவில் ‘திபெத்து மூலிகை’ கேப்ஸ்யூல் விற்றார். இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்றுவிடும், அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறார். நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாளே விரல் வீக்கம் வற்றி, மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். ‘அத்தான், நீங்க மாசக்கணக்கா எழுதிக்கிட்டு இருக்கீங்க, எனக்கு மூணே நாள்ல போச்சு பாருங்க’ என்று போனில் சொன்னாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. படித்த திபெத்திய மருத்துவரே மெதுவாகத்தான் கேட்கும் என்கிறார். மூலிகை எதுவும் ருமட்டாய்டு வீக்கத்தை மூன்று நாளில் வற்ற வைக்காது. அப்படி வற்ற வைப்பது ஸ்டீராய்டு.

அதற்குள் அவள் அதை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தாள். நேரில் போய்ப் பார்த்தபோது கன்னம் உப்பி முகம் வட்டமாகியிருந்தது. முன்கையில் அடிபடாமலே நீலக் கன்றல். எப்போதும் பசி என்றாள். சர்க்கரை பார்த்தால் ஏறியிருந்தது. மூட்டுவலிக்கு என்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் வலி மாத்திரைகளும் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்து அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது, முகம் வீங்குகிறது என்பதை ‘உடம்பில் உள்ள கெட்டது வெளியேறுது’ என்று விற்றவர் விளக்கம் சொல்லியிருந்தார்.

அவள் பயந்துபோய் டப்பாவைத் தூக்கி எறியப் போனாள். நான் தடுத்தேன். இதைக் கவனமாகப் படியுங்கள்: வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டை நிறுத்திக்கொள்ளும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே ஆபத்து. அன்றே டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தத்தில் கார்ட்டிசோல் மிகவும் குறைந்திருந்தது. டாக்டர்கள் தாங்களே அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிறுத்தினார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் திரும்பத் தொடங்கினார்கள். மருந்து விட்டுப்போன அந்த இடைவெளியில் வலது கையில் இரண்டு விரல் கோணிவிட்டது. அது இனி நிமிராது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. ஒரு மருத்துவ மரபின் பெயரைத் திருடி டப்பாவில் ஒட்டி, காலமெல்லாம் கையால் உழைத்த ஒருத்தியின் விரலைப் பறித்துக்கொண்டார்கள்.

எந்த மூட்டுவலி மருந்தானாலும் டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் உள்ள பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்து என்றால் அந்த இலக்கங்களுக்குப் பின் டி (T) என்ற எழுத்து இருக்கும். ஒளிரும் பாதுகாப்பு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். எண்ணைப் பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு. அதனால் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, அதே பெயர், அதே கம்பெனி வருகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு எண், அந்த மருந்து உங்கள் வலிக்குக் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உலோகமும் ஸ்டீராய்டும் பார்த்து அனுமதித்தார்கள் என்ற அளவுக்குத்தான்.

நான் பைலகுப்பேயிலிருந்து கொண்டுவந்த மாத்திரைக்கு அந்த எண் கிடையாது. எனக்காக, என் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிட்டது. பதிவில்லாத மருந்தை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குற்றம். ஆகவே மிச்ச மாத்திரையைக் கேட்டு வீட்டுக்கு வருபவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், தர மாட்டேன். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டப்பாவைக் கொண்டுவாருங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். வருகிறபோது நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதில் மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால் எந்தக் கிழமை போடுகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து, தினமும் போட்டால் ஆளைக் கொல்லும். முகம் உப்பியிருந்தாலோ, கேப்ஸ்யூல் போடாத நாளில் தலை சுற்றி வாந்தி வந்தாலோ என் வீட்டுக்கு வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டப்பாவோடு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.